கீறல் இல்லாத கண்ணாடி: தொலைநோக்கி ஆடியின் வரலாறு

எதிரொளிப்புத் தொலைநோக்கியின் உயிர் அதன் குழியாடி. அதன் மேற்பரப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். இத்தனைக்கும் அந்த வேலையைப் பல நூற்றாண்டுகளாகச் செய்தது மனிதனின் கைதான்!

வில்லியம் ஹெர்ஷல் காலத்தில் ஆடி என்றால் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். ஒரு முறை அவர் 16 மணி நேரம் கையை எடுக்காமலே மெருகேற்றியதாகவும், தான் உணவை வாயில் ஊட்டியதாகவும் அவருடைய தங்கை கரோலின் எழுதி வைத்திருக்கிறார். 1850களின் இறுதியில் பிரான்சின் ஃபூக்கோ வெள்ளி பூசிய கண்ணாடி ஆடியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உலோகம் ஒதுங்கியது, கீறல் பயம் மட்டும் ஒதுங்கவில்லை.

கீறல் எங்கிருந்து வருகிறது? முதலில் 80ஆம் எண் கார்போரண்டம் தூளால் குழி தோண்டுவார்கள். பிறகு 120, 220, 320 என்று தூள் நைசாகிக்கொண்டே போகும். கடைசியில் கீல் பூசிய தட்டின் மேல் சீரியம் ஆக்சைடு. முந்தைய கட்டத்தின் ஒரே ஒரு மணல் துகள் அடுத்த கட்டத்தில் புகுந்துவிட்டால் போதும், நீளக் கோடு விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கண்ணாடி, மேசை, வாளி, கை நகம் வரை கழுவ வேண்டும், விரித்த செய்தித்தாளை மாற்ற வேண்டும். ஆடியின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்து வைப்பதும் இதற்காகத்தான். கூர்மையான விளிம்பு உடைந்து விழும் சில்லே கண்ணாடியைக் கீறிவிடும்.

கீலுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. அது சரியான பதத்தில் இருந்தால் தப்பி வந்த துகளைத் தனக்குள் விழுங்கிக்கொள்ளும். இறுகிப் போனால் துகள் வெளியே நின்று கண்ணாடியைக் கீறும். குளிர் நாட்டுக்குப் பதமான கீல் நம்மூர் வெயிலில் வழிந்தோடும் என்பதால் இங்கே பதம் வேறு. (மெல்லிய ஒற்றைக் கீறலால் படம் கெட்டுவிடாது, கொஞ்சம் ஒளி சிதறும் அவ்வளவே. வடிவம் தவறினால்தான் உண்மையான நஷ்டம். ஆனாலும் செய்தவர் கண்ணுக்கு முதலில் படுவது கீறல்தான்.)

1920களில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரஸ்ஸல் போர்ட்டர் சாதாரணத் தொழிலாளர்களுக்கு இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தார். கார்போரண்டமும் அதற்குள் எளிதாகக் கிடைக்கும் பொருளாகிவிட்டது. 1954இல் தொடங்கப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் இன்றும் தேய்ப்புப் பொருட்கள் செய்கிறது. அதன் ஆலை உள்ள திருவொற்றியூர் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டின் பெரிய கதை காவலூர். 1968இல் ஜவ்வாது மலையில் அங்கு முதலில் நின்ற 38 செ.மீ. தொலைநோக்கி கொடைக்கானல் வானாய்வகப் பட்டறையிலேயே உருவானது. பிறகு வைணு பாப்பு 2.34 மீட்டர் ஆடியையும் வெளிநாட்டில் செய்து வாங்காமல் இங்கேயே மெருகேற்ற முடிவெடுத்தார். பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் ஏ.பி. ஜெயராஜன் தலைமையில் அந்த வேலை நடந்தது. இவ்வளவு பெரிய ஆடியை அதற்கு முன் இந்தியாவில் யாரும் செய்ததில்லை. தவறினால் பழகிய கையைத் தேடி ஓட வேறு இடமும் இல்லை.

முழுமையடைந்த தொலைநோக்கியைப் பார்க்கப் பாப்புவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1982 ஆகஸ்ட் 19 அன்று அவர் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கிக்கு அவர் பெயரைச் சூட்டினார்.