அச்சை வைத்தவர் யார்? பஞ்சரத்தினமும் ஓரியல்பின் அளவும்

ஓரியல்பு என்றால் பாடநூலில் இரண்டே பெட்டிகள்: உண்டு, இல்லை. இந்த இருமையைக் கலைத்தவர்களில் ஒருவர் எஸ். பஞ்சரத்தினம், சி.வி. ராமனின் சகோதரி மகன். 1956இல், 22 வயதில், பெங்களூர் ராமன் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து குறுக்கீட்டு விளைவு பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார்.

அவர் முன்னாலிருந்தது குவாண்டம் அல்ல, ஒளியை உட்கவரும் படிகங்கள். அங்கே இரு கற்றைகள் முழுக்க ஒத்தும் போகாது, முழுக்க விலகியும் நிற்காது. இந்த அரைகுறை நிலையைப் பேச, 1892இல் புவாங்கரே தந்த கோளத்தை எடுத்துக்கொண்டார். முழுத் தளவிளைவு பெற்ற ஒளி கோளத்தின் மேற்பரப்பில் ஒரு புள்ளி. தளவிளைவே இல்லாதது மையம். இடைப்பட்டதெல்லாம் உள்ளே. அதே கோளத்தில் இன்னொன்றும் தெரிந்தது. 'அ'வும் 'ஆ'வும் கட்டத்தில் ஒத்துப்போகலாம், 'ஆ'வும் 'இ'யும் ஒத்துப்போகலாம். ஆனால் 'இ'யும் 'அ'வும் ஒத்துப்போகணும்னு கட்டாயமில்லை. மூன்று புள்ளிகள் கோளத்தில் அடைக்கும் திண்மக் கோணத்தில் பாதி, அந்த இடைவெளியின் அளவு.

1984இல் மைக்கேல் பெர்ரி குவாண்டம் நிலைகளுக்கு இதையொத்த கட்டத்தை எழுதினார். 1986இல் பஞ்சரத்தினத்தின் அண்ணன் எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் 1956ஐ நினைவூட்டினார்கள். 1987இல் பெர்ரியே அதை விளக்கி எழுதினார். பஞ்சரத்தினம் 1969இலேயே, 35 வயதில், ஆக்ஸ்போர்டில் இறந்துபோயிருந்தார்.

இங்கே இரண்டு வாசிப்புகள் தயாராக இருக்கின்றன. ஒன்று, அவரைப் பெர்ரியின் 'முன்னோடி' ஆக்கி அடிக்குறிப்பில் உட்கார வைப்பது. மற்றது, 'நம்மாள் அப்பவே சொல்லிட்டார்' என்று மார்தட்டுவது. இரண்டுக்கும் அச்சு மேற்கில்தான் இருக்கிறது.

அச்சு என்பதை உவமையாக மட்டும் சொல்லவில்லை. இருநிலைக் குவாண்டம் அமைப்பையும் இதேபோன்ற கோளத்தில் வரைகிறார்கள். பிளாக் கோளம் என்று பெயர். அதில் மையத்திலிருந்து உள்ள தூரம் நிலையின் தூய்மையைக் காட்டும். ஓரியல்பின் அளவோ, நாம் தேர்ந்துகொண்ட அச்சிலிருந்து உள்ள தூரம். பாம்கிராட்ஸ், கிராமர், பிளெனியோ 2014இல் முறைப்படுத்திய அளவுகளில் ஒன்று இப்படித்தான் அமைகிறது. அச்சைத் திருப்பினால், நேற்று ஓரியல்பு மிகுந்த நிலை இன்று சுழி. எந்த அச்சுக்கும் சுழியாகவே இருப்பது மையம் மட்டும்.

ஆக, அளவைச் சொல்லிவிட்டு அச்சைச் சொல்லாமல் விட்டால் அது அரைச்செய்தி. அறிவியல் வரலாறு எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பஞ்சரத்தினத்தை வாசிக்க வேண்டியது பெர்ரியிடமிருந்து பின்னோக்கி அல்ல. அவர் மேசையிலிருந்த படிகத்திலிருந்து.