நண்பன் பெயரில் ஒரு பூ

சில வருடங்களுக்கு முன் ஃப்ரீசியா கிழங்கு பத்து வாங்கி, சென்னையில் எங்கள் மொட்டைமாடித் தொட்டிகளில் நட்டேன். கோரைப்புல் மாதிரி இலை வந்தது, சாய்ந்தது, பழுத்தது. பூ வரவே இல்லை. "வெங்காயம் நட்டிருந்தால் சாம்பாருக்காவது ஆகியிருக்கும்" என்றாள் மனைவி. ஏன் பூக்கவில்லை என்று தேடப் போய்த்தான் அதன் கதை கிடைத்தது.

ஃப்ரீசியாவின் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பக்கம். 1823இல் எக்லோன் என்ற டேனிஷ்காரர் மருந்துக்கடை வேலைக்காக அங்கே போனார். போனவர் செடி பொறுக்குவதில் இறங்கிவிட்டார். சைஹர் என்ற கூட்டாளியோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான செடிகளைச் சேகரித்தார். அவற்றில் மணமுள்ள ஒரு காட்டுப்பூவுக்கு, ஜெர்மனியில் கீல் நகரத்தில் வைத்தியம் பார்த்துவந்த தன் நண்பர் ஃப்ரீஸின் பெயரை வைத்தார். அந்தப் பெயரை 1866இல்தான் கிளாட் என்ற தாவரவியலாளர் முறைப்படி அச்சில் கொண்டுவந்தார். இரண்டே வருடத்தில், 1868இல், கேப் டவுனில் எக்லோன் காலமானார். கடைசிக்காலம் வறுமையில்தான் போயிருக்கிறது.

அப்போது தோட்டக்காரர்கள் வளர்த்ததெல்லாம் வெள்ளையும் மஞ்சளும்தான். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஆம்ஸ்ட்ராங் என்பவர் ஹியூமன்ஸ்டார்ப் பக்கத்தில் கண்டெடுத்த இளஞ்சிவப்பு வகை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பழைய வகைகளோடு ஒட்டுச் சேர்த்த பிறகுதான் இன்று பூங்கொத்துகளில் பார்க்கிற சிவப்பு, ஊதா எல்லாம் வந்தன.

என் தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். கேப் பகுதியில் கோடை காய்ந்து கிடக்கும், மழை குளிர்காலத்தில். கிழங்கு கோடைச் சூட்டில் தூங்கி, மழையும் குளிரும் சேர்ந்து வரும்போது விழிக்கும். ஹாலந்துக்காரர்கள் இதை அப்படியே நகல் எடுக்கிறார்கள். கிழங்கைச் சுமார் 30 டிகிரியில் மூன்று மாதம் வைத்துவிட்டு நடுகிறார்கள். முளைத்தபின் மண்ணைக் குழாய் வைத்துக் குளிரூட்டி, 15, 16 டிகிரியில் நிறுத்துகிறார்கள். அந்தக் குளிரில்தான் மொட்டு உருவாகும். சென்னையில் முதல் பாதி செலவில்லாமல் நடக்கும். இரண்டாவது பாதிக்கு மார்கழியே போதவில்லை!

குளிர் பிரதேசத்தில் இருக்கும் நண்பர்கள் முயலலாம். கிழங்கின் கூர்முனை மேலே இருக்கும்படி இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். தண்டு மெலிசு, குச்சி கட்டிவிடுங்கள். வீட்டுக்குள் என்றால் வெளிச்சமான ஜன்னலோரம், அடுப்புச் சூடு படாத இடம். பூ உதிர்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிடக் கூடாது. இலை பழுக்கும்வரை ஊற்றினால்தான் அடுத்த வருடத்துக் கிழங்கு திரளும்.

நண்பர் பெயரைப் பூக்கடையில் வைத்த எக்லோனுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? கேப் கடலில் வளரும் ஒரு பழுப்புப் பாசி இனத்துக்கு எக்லோனியா என்று பெயர். அந்தப் பாசியின் சாற்றைத்தான் இப்போது செடிகளுக்கு உரமாகத் தெளிக்கிறார்கள்.