விலையேற்றமும் 67 இரவுகளும்



ஓடிடி சந்தா மறுபடியும் ஏறிவிட்டது என்று பேரன் புலம்பினான். அவனுக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

லண்டனில் கோவென்ட் கார்டன் நாடக அரங்கம் 1808இல் எரிந்துபோனது. மறு ஆண்டே புதிதாகக் கட்டித் திறந்தார்கள். கட்டிய செலவை ஈடுகட்ட, மேலாளர் ஜான் பிலிப் கெம்பிள் கட்டணத்தை உயர்த்தினார். மாட இருக்கை 6 ஷில்லிங்கிலிருந்து 7 ஆனது. கீழ்த்தளம் மூன்றரையிலிருந்து 4 ஆனது.

ரசிகர்கள் வீட்டிலேயே இருந்துவிடவில்லை. அரங்குக்குள் வந்து, மேடைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். மணி அடித்தார்கள், ஆடினார்கள், "பழைய விலை!" என்று கத்தினார்கள். குத்துச்சண்டை வீரர்களை இறக்கியும் அவர்களை அடக்க முடியவில்லை. இப்படியே 67 இரவுகள்! கடைசியில் கெம்பிள் மன்னிப்புக் கேட்டார். கீழ்த்தளக் கட்டணம் பழையபடி மூன்றரை ஷில்லிங் ஆனது. மாடம் மட்டும் 7 ஷில்லிங்கிலேயே நின்றது.

அடுத்தது அமெரிக்கா, 2011. டிவிடியும் இணையவழிப் படமும் சேர்ந்து சுமார் 10 டாலருக்குக் கொடுத்துவந்த நெட்ஃபிளிக்ஸ், அதைச் சுமார் 16 டாலராக்கியது. மூன்றே மாதத்தில் அங்கே சந்தாதாரர் எண்ணிக்கை 8 லட்சம் குறைந்தது. தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் மன்னிப்புக் கேட்டார். டிவிடி சேவையை வேறு பெயரில் பிரிக்கும் திட்டத்தையும் கைவிட்டார்கள். ஆனால் விலை இறங்கவில்லை.

லண்டனில் ஒரே கூரையின்கீழ் ஒன்றாக நின்றார்கள். அமெரிக்காவில் அவரவர் வீட்டிலிருந்து தனித்தனியாக விலகினார்கள். இரண்டு இடத்திலும் மன்னிப்பு கிடைத்தது. விலை குறைந்தது ஓரிடத்தில்தான்.

"அப்போ நாம எங்கே போய் ஒண்ணா நிக்கிறது தாத்தா?" என்றான் பேரன். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.