டப்பாவின் பின்பக்கம்

"குழந்தைக்கு ஆறு மாசம் முடிஞ்சுடுச்சு. கடையில விக்கிற டப்பா சாப்பாடு கொடுக்கலாமா, கூடாதா?"

ஊரில் இருந்தால் இந்தக் கேள்விக்கு அம்மாவோ மாமியாரோ பதில் சொல்லிவிடுவார்கள். வதோதராவிலும் புனேவிலும் குடித்தனம் நடத்தும் நம்ம வீடுகளில் அதற்கு ஆள் இல்லை. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பிரசவ விடுமுறை 26 வாரம். அதாவது குழந்தைக்குச் சோறு ஊட்ட ஆரம்பிக்கும் சமயமும், அம்மா வேலைக்குத் திரும்பும் சமயமும் ஏறக்குறைய ஒன்றுதான். டப்பா வீட்டுக்குள் நுழைவது அந்த இடத்தில்தான்.

நான் டாக்டர் இல்லை. பி.காம் படித்த வங்கிக்காரன். ஆனால் இந்த டப்பாவின் வரலாற்றைப் பார்த்தால் பாதி பதில் அதிலேயே கிடைக்கிறது. கொஞ்சம் பின்னால் போவோம்.

1867. சுவிட்சர்லாந்தில் வெவே என்ற ஊரில் ஹென்றி நெஸ்லே என்பவர் பசும்பால், கோதுமை மாவு, சர்க்கரை மூன்றையும் சேர்த்து ஒரு மாவு தயாரித்தார். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகள் ஏராளமாக இறந்துகொண்டிருந்த காலம் அது. ஆக, தேவை உண்மையானது. அதை யாரும் மறுக்க முடியாது. சர்க்கரையும் அன்றே உள்ளே இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1928-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கெர்பர் குடும்பம், மசித்த காய்கறியை டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்தது. டப்பா கையில் கிடைத்ததும் அவசரமும் சேர்ந்து வந்துவிட்டது. 1950களில் அங்கே பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகளுக்குக்கூடத் திட உணவு ஊட்டினார்கள். உப்பும் அஜினமோட்டோ வகை உப்பும்கூடச் சேர்த்தார்கள். யாருக்காக? குழந்தைக்காக இல்லை, ருசி பார்த்து வாங்கும் அம்மாவுக்காக! விஞ்ஞானிகள் கேள்வி எழுப்பிய பிறகு 1969-ல் ஒன்றும், 1970களில் மற்றொன்றும் கழன்றன.

நம் நாட்டுக்கு வருவோம். 1924-ல் பம்பாயில் ஒரு ஏஜென்சி கம்பெனி தொடங்கப்பட்டது, கிளாக்ஸோ குழந்தை உணவை விநியோகிப்பதற்காகவே. பிற்பாடு, மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப்பாலில் குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டுபிடித்தது. இங்கே வதோதராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆனந்தில் அமுல் அதைத் தயாரித்தது. சாதாரண சாதனை இல்லை. ஆனால் கூடவே 'அமுல் பேபி' என்ற வார்த்தையும் நம் பேச்சில் ஒட்டிக்கொண்டது. கொழுகொழுவென்று இருந்தால்தான் குழந்தை ஆரோக்கியம் என்ற எண்ணத்தையும் அது வளர்த்துவிட்டது.

1970களில் ஏழை நாடுகளில் பால் பவுடர் விற்பனை முறைகளை எதிர்த்துப் பெரிய போராட்டம் கிளம்பியது. 1977-ல் நெஸ்லே புறக்கணிப்பு அமெரிக்காவில் தொடங்கியது. 1981 மே மாதம் உலக சுகாதார சபை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்பவைக்கான விற்பனை நெறிகளை நிறைவேற்றியது. ஆதரவு 118 ஓட்டு, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. அது அமெரிக்காவின் ஓட்டு.

இந்தியா 1992-ல் இதற்குத் தனிச் சட்டமே போட்டது. பால் பவுடர் மட்டுமல்ல, திட உணவு டப்பாவும் அதில் அடக்கம். டப்பா மேல் குழந்தை படமோ பெண் படமோ போடக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட வேண்டும். அந்தச் சட்டம் முதலில் "நாலு மாசத்துக்குப் பிறகு" என்றுதான் சொன்னது. 2003 திருத்தம் அதை ஆறு மாதம் ஆக்கியது, விளம்பரத்தையும் அடியோடு தடை செய்தது. "நாங்கல்லாம் நாலு மாசத்துலேயே குடுத்தோம்" என்று ஊரிலிருந்து போனில் பெரியவர்கள் சொன்னால் கோபப்படாதீர்கள். அவர்கள் காலத்து டப்பாவில் அப்படித்தான் இருந்தது.

சரி, கதை முடிந்ததா என்றால் இல்லை. 2024 ஏப்ரலில் 'பப்ளிக் ஐ' என்ற சுவிஸ் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் விற்ற செரிலாக்கில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதே கோதுமை வகையில் சேர்த்த சர்க்கரை கிடையாது. உள்நாட்டு விதிப்படிதான் செய்கிறோம், சர்க்கரையைக் குறைத்தும் வருகிறோம் என்றது கம்பெனி. அதே வருடம் அக்டோபரில் சர்க்கரை சேர்க்காத வகைகளையும் அறிவித்தது.

இத்தனை வருடக் கதையில் எனக்குத் தெரிவது ஒன்றுதான். டப்பாவுக்குள் இருப்பது தானாக மாறவில்லை. யாராவது உற்றுப் பார்த்துக் கேட்டபோதுதான் மாறியது.

கடன் கேட்டு வருபவரின் பேலன்ஸ் ஷீட்டில் முதல் பக்கத்தை விட, கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளைத்தான் நாங்கள் கவனமாகப் படிப்போம். டப்பாவுக்கும் அதே வழிதான். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். சர்க்கரை, குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், தேன் என்று எந்தப் பெயரில் இனிப்பு வருகிறது, எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பாருங்கள். இரும்புச்சத்து எவ்வளவு என்றும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பால் மட்டும் இரும்புச்சத்துக்குப் போதாது. அதைச் சேர்த்த, இனிப்பில்லாத தானிய உணவு கெட்டது இல்லை. வேலைக்குப் போகும் அம்மா அதைக் கலக்கிக் கொடுத்தால் குற்றவாளி ஆகிவிட மாட்டாள்.

வீட்டில் செய்தது என்பதாலேயே எல்லாம் நல்லது என்றும் இல்லை. ஒரு வயது வரை தேன் வேண்டாம், அதில் ஆபத்தான கிருமி இருக்கலாம். உப்பும் சர்க்கரையும் தேவையில்லை. முளைகட்டிக் காயவைத்து அரைத்த ராகியில் கூழ் நீர்த்துப் போகும். அதனால் அதிக மாவு சேர்த்துக் காய்ச்சினாலும் குழந்தை விழுங்கும், ஒரு ஸ்பூனில் சத்தும் கூடும். குழைந்த பருப்பு சாதத்தில் நெய் விட்டு மசிக்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

குழந்தைக்கு லேபிள் படிக்கத் தெரியாது. நமக்குத் தெரியும். உங்க வீட்டில் முதல் வாய் எது? சொல்லுங்களேன், கேட்போம்.