ரோமன் சிப்பாய் வேஷமா? ஹெல்மெட் வாங்கும் முன் வருஷத்தை முடிவு பண்ணுங்க!

ரோமப் பேரரசு முடிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் ரோமன் சிப்பாய் மட்டும் தமிழ்நாட்டில் வருஷா வருஷம் ஆஜர் ஆகிவிடுகிறார். புனித வெள்ளி சிலுவைப்பாதையில் சாட்டையோடு நடப்பவர் அவர்தான். சிவகங்கை மாவட்டம் இடைக்காட்டூர் பாஸ்கா நாடகத்திலும் அவர் உண்டு. காலேஜ் கல்ச்சுரல்ஸில் சாண்டில்யனின் 'யவன ராணி'யை மேடையேற்ற நினைத்தாலும் அவரைத் தேட வேண்டும். 2024-ல் காமிக் கான் சென்னைக்கு வந்த பிறகு காஸ்ப்ளே கூட்டமும் இதில் சேர்ந்துவிட்டது.

கே.கே. நகர்வாசிகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கு. வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஒரு ரவுண்டு போனால் சினிமாவுக்கு டிரெஸ் வாடகைக்குக் கொடுக்கும் கடைகளைப் பிடித்துவிடலாம். "அண்ணே, ரோமன் டிரெஸ் இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஒரே மாதிரி செட்தான்: தங்க கலர் மார்புக் கவசம், சிவப்பு அங்கி, பிரஷ் வைத்த ஹெல்மெட், மணிக்கட்டில் தோல் பட்டை. ஃபேன்ஸி டிரெஸ்ஸுக்கு அது போதும். "நிஜத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வேணும்" என்றால் கடைக்குப் போகும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். எந்த வருஷம்? எந்த ஆள்?

முதல் கேள்வி: எந்த வருஷம்?

ரோமன் ராணுவம் பல நூறு வருஷம் இருந்தது. அவ்வளவு காலமும் ஒரே யூனிஃபார்ம் போட்டிருக்க மாட்டார்கள் இல்லையா? நமக்கெல்லாம் தெரிந்த ஆஸ்டெரிக்ஸ் காமிக்ஸையே எடுத்துக்கோங்க. கதை நடப்பது கி.மு. 50-ல். அதில் வரும் ரோமன் சிப்பாய்கள் இரும்புப் பட்டைகளை அடுக்கிய கவசம் போட்டிருப்பார்கள். ஆனால் சீசர் காலத்து வீரர்கள் அணிந்தது சின்னச் சின்ன இரும்பு வளையங்களைக் கோத்த சங்கிலிக் கவசம். பட்டைக் கவசம் அதற்குப் பிறகு வந்த சரக்கு.

தோராயமாக இப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கி.மு. 50 வாக்கில்: கவிழ்த்த கிண்ணம் மாதிரி வெண்கல ஹெல்மெட், சங்கிலிக் கவசம், நீள்வட்டமாக வளைந்த பெரிய கேடயம்.

கி.பி. முதல் நூற்றாண்டு: பின்கழுத்தை மறைக்கும் அகலத் தகடும், கன்னத்தை மறைக்கும் தகடுகளும் கொண்ட இரும்பு ஹெல்மெட். பட்டைக் கவசமும் சங்கிலிக் கவசமும் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருந்தன. செவ்வகக் கேடயம் பிரபலமாவதும் இந்தக் காலத்தில்தான்.

கி.பி. 4-ம் நூற்றாண்டு: இரண்டு பாதிகளை நடுவில் ஒரு முகட்டால் இணைத்த ஹெல்மெட், நீள வாள், நீள்வட்டக் கேடயம். இதைப் பார்த்தால் நம்மில் பலர் 'ரோமன்' என்றே சொல்ல மாட்டோம்.

ஒரு நூற்றாண்டு ஹெல்மெட்டை இன்னொரு நூற்றாண்டுக் கேடயத்தோடு சேர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் சொதப்பல். ராஜராஜ சோழன் நாடகத்தில் ஒருத்தர் துப்பாக்கியோடு வந்து நின்றால் எப்படியோ, அப்படி.

இரண்டாவது கேள்வி: எந்த ஆள்?

புனித வெள்ளி நாடகத்தையே உதாரணமாக வைத்துப் பார்க்கலாம். பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அவரிடம் இருந்தவை துணைப்படைகள். லீஜியன் எனப்படும் முதன்மைப் படைகள் பக்கத்து மாகாணமான சிரியாவில் இருந்தன. துணைப்படை வீரர்களில் பெரும்பாலானோர் ரோமக் குடிமக்கள் அல்ல. அந்தந்தப் பகுதிகளில் ஆள் எடுப்பார்கள்.

அதனால் சிலுவைப்பாதை சிப்பாய்க்குப் பட்டைக் கவசமும் பெரிய செவ்வகக் கேடயமும் தேவையே இல்லை. அலங்காரம் குறைவான ஹெல்மெட், சங்கிலிக் கவசம், தட்டையான நீள்வட்டக் கேடயம், கையில் ஒரு ஈட்டி. இதுதான் பொருத்தமான செட். செய்வதும் சுலபம், செலவும் கம்மி.

நூற்றுவர் தலைவர், அதாவது சென்சூரியன், இவர்களிலிருந்து தனியாகத் தெரிய வேண்டும். அவருடைய ஹெல்மெட்டில் குஞ்சம் காதுக்குக் காது குறுக்காக இருக்கும். கையில் திராட்சைக்கொடித் தடி. காலில் முழங்காலுக்குக் கீழே கவசம். சாதாரண லீஜியன் வீரர் வாளை வலப்பக்கம் தொங்கவிடுவார். சென்சூரியனுக்கு அது இடப்பக்கம். இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் கிடைத்த சென்சூரியன் ஒருவரின் கல்லறைக் கல்லில் அந்தத் தடியையும் இடப்பக்க வாளையும் பார்க்கலாம்.

வாடகைக் கடையில் கிடைக்கும் 'சிக்ஸ் பேக்' மார்புக் கவசம்? அது படைத்தலைவர்களுக்கும் பேரரசருக்கும் உரியது. பத்து சிப்பாய்க்கும் அதைப் போட்டுவிட்டால், பத்து பேரும் தளபதி ஆகிவிடுவார்கள்.

ஹெல்மெட்டில் என்ன பார்க்கணும்?

முதல் நூற்றாண்டு ஹெல்மெட்டை வைத்துச் சொல்கிறேன். நான்கு இடத்தைப் பாருங்க.

1. பின்கழுத்துத் தகடு: மேலிருந்து வரும் வாள்வீச்சு கழுத்தில் விழாமல் தடுக்க அகலமாக, கிட்டத்தட்டப் படுக்கையாக நீண்டிருக்கும்.

2. நெற்றிப்பட்டை: முன்பக்கம் குறுக்கே தனியாக ஒரு தடித்த பட்டை. வெட்டு முகத்துக்கு இறங்காமல் தடுக்கும்.

3. கன்னத் தகடுகள்: கீல் வைத்து ஆடும்படி இருக்கணும். கண்ணுக்கும் வாய்க்கும் நேராக வளைவு வெட்டியிருக்கும். ஹெல்மெட்டோடு ஒட்ட வைத்தது என்றால் அது வெறும் அலங்காரப் பொருள்.

4. காது: மூடியிருக்கக் கூடாது. கட்டளை காதில் விழணுமே! காதுக்கு மேலே சின்ன வளைவுத் தகடு மட்டும் இருக்கும்.

குஞ்சம் எப்போதும் ஒட்டியே இருக்காது, கழற்றி மாட்டலாம். சாதாரண சிப்பாய்க்குக் குஞ்சம் இல்லாமல் விட்டால் தப்பில்லை.

வாங்குகிறீர்கள் என்றால் தகட்டின் தடிமனைக் கேளுங்கள். 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. இருந்தால் அசலுக்கு நெருக்கமாக இருக்கும். 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ.; கழுத்து வலிக்கும். தலைச் சுற்றளவை அளக்கும்போது உள்ளே வைக்கும் துணித் தொப்பிக்கும் சேர்த்து இடம் விடுங்கள்.

இதில் நாம் பெருமைப்பட ஒரு விஷயமும் இருக்கு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ரோமன் படையாக வேஷம் கட்டும் குழுக்கள் பல வருஷங்களாக இயங்குகின்றன. பிரிட்டனின் எர்மின் ஸ்ட்ரீட் கார்டு 1972-ல் தொடங்கியது. இப்படி வேஷம் கட்டுபவர்களில் நிறைய பேர் தலையில் இருப்பது இந்தியத் தயாரிப்பு. மீரட்டும் டேராடூனும் இந்தத் தொழிலுக்கு உலக அளவில் பேர் போன ஊர்கள். ரோமன் ஹெல்மெட்டை லண்டனிலிருந்து வரவழைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

உடம்புக்கு, கைக்கு, காலுக்கு

கவசம்: வளையங்களுக்கு ரிவிட் அடித்திருந்தால் அசல் மாதிரி. சும்மா வளைத்துக் கோத்திருந்தால் விலை குறையும், ஆனால் வளையம் அடிக்கடி கழன்று விழும். எப்படியும் 10 கிலோ பக்கம் எடை வரும். மேடைக்கு மட்டும் என்றால் தடித்த சாம்பல் கலர் பின்னல் துணியிலேயே தைக்கலாம்.

கேடயம்: சிரியாவின் டூரா யூரோப்போஸில் கிடைத்த 3-ம் நூற்றாண்டுச் செவ்வகக் கேடயம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மெல்லிய மரப்பட்டைகளை மூன்று அடுக்காக ஒட்டி, வளைத்து, மேலே தோல் போர்த்தியது. அதாவது, நம்ம பிளைவுட் ஐடியாதான்! சுமார் 105 செ.மீ. உயரம். துணைப்படைக் கேடயம் என்றால் வளைக்கும் வேலையும் மிச்சம். ஒரு பிளைவுட் ஷீட்டை நீள்வட்டமாக அறுத்தால் முக்கால்வாசி முடிந்தது.

உடை: முழங்கால் வரை வரும் தொளதொள டியூனிக். அசல் கம்பளி. சென்னைக்குக் கனமான காட்டன் போதும். வெள்ளை, பழுப்பு, சிவப்பு எதுவும் ஓகே. பாலியஸ்டர் பளபளப்பு மட்டும் வேண்டாம்.

செருப்பு: தடித்த அடித்தோல், வார் வாராக வெட்டிய மேல்தோல், கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டு. முழங்கால் வரை சுற்றும் 'கிளாடியேட்டர்' வார் ஃபேஷன் ஷோவுக்கு. படம் காட்டினால் செருப்புத் தைக்கும் கடையிலேயே செய்து வாங்கலாம். அசலில் அடியில் இரும்பு ஆணிகள் இருக்கும். மொசைக், கிரானைட் தரையில் அது வழுக்கிவிடும். மேடைக்கு ரப்பர் அடிதான் சேஃப்.

மணிக்கட்டுத் தோல் பட்டை: சினிமா கொடுத்த பரிசு. கழற்றி வைத்துவிடுங்கள்.

நம்ம ஊர் யவனருக்கு ஹெல்மெட் வேணுமா?

சங்க காலக் கதைக்கு யவனக் காவலர் வேஷம் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 'யவனர்' என்ற பெயர் முதலில் கிரேக்கர்களைக் குறித்தது. பிறகு மேற்கிலிருந்து கடல் வழியாக வந்தவர்கள் எல்லோருக்கும் பொதுப்பெயர் ஆனது. அவர்கள் இங்கே வந்ததற்கு ஆதாரம் நிறைய. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது இத்தாலிய மண்பாண்டங்களும் மது ஜாடிகளும் கிடைத்தன. கோவை, கரூர் பகுதிகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன.

ஆனால் வந்தவர்கள் வணிகர்கள், மாலுமிகள், கூலிக்கு வேலை பார்த்த காவலர்கள். ரோமன் லீஜியன் இங்கே முகாம் போட்டதற்கு ஆதாரம் இல்லை. அதனால் பாண்டியன் கோட்டை வாசலில் பட்டைக் கவசம், செவ்வகக் கேடயத்தோடு ஒரு ரோமன் சிப்பாயை நிறுத்தினால் அது வரலாறு ஆகாது.

சரி, வேறு என்ன போடுவது? நம் இலக்கியத்திலேயே காஸ்ட்யூம் குறிப்பு இருக்கு. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு, பாசறையில் அரசனைக் காக்கும் யவனரைக் காட்டுகிறது: சட்டை அணிந்தவர்கள், ஆடையைக் குதிரைச் சாட்டையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியவர்கள், வலுவான உடம்பு, பார்த்தால் பயம் வரும் தோற்றம். சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை வாசலில் வாளோடு நிற்கும் யவனக் காவலரைச் சொல்கிறது. அந்தப் பாட்டில் ஹெல்மெட் பற்றிப் பேச்சே இல்லை. அந்தக் காலத்தில் தைத்த சட்டையே நம்மவர்களுக்கு வித்தியாசமாகத் தெரிந்திருக்கிறது. முழுக்கைச் சட்டை, இடுப்பில் சாட்டை, ஒரு வாள். சில நூறு ரூபாய் துணியில் முடியும் வேஷம். கையில் தங்கக் கவசம் இருப்பவரைவிட நீங்கள்தான் அசலுக்குப் பக்கத்தில் இருப்பீர்கள்.

பட்ஜெட்டும் பாதுகாப்பும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதலில் டியூனிக், பெல்ட், செருப்பு. அடுத்து கேடயம். ஹெல்மெட் அதற்குப் பிறகு. கவசம் கடைசி. காசு பற்றவில்லையா? ஈவா ஃபோமில் சரியான வடிவத்தில் செய்த ஹெல்மெட், பித்தளையில் தப்பான வடிவத்தில் செய்ததைவிட மேல்.

புனித வெள்ளி மார்ச், ஏப்ரலில்தான் வரும். சென்னை வெயிலில் உலோக ஹெல்மெட் சீக்கிரமே கொதிக்கும். உள்ளே காட்டன் தொப்பி கட்டாயம். உங்கள் சீன் வரும் வரை கையிலேயே வைத்திருங்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

வியர்வையும் கடல் காற்றும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கழற்றியதும் துடைத்து, மெஷின் ஆயில் மெல்லிசாகத் தடவி, துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

வாள், ஈட்டி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் வரும் விதிகளின் ஆயுதப் பட்டியலில் கூரான வாளும் ஈட்டியும் இருக்கின்றன. மரத்தில் அல்லது ஃபோமில் செய்து பெயின்ட் அடியுங்கள். வழியில் உறையிலும் பையிலும் இருக்கட்டும். பைக்கில் போகும்போது தலையில் மட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட், ரோமன் ஹெல்மெட்டை டிராஃபிக் போலீஸ் ஏற்றுக்கொள்ள மாட்டார்!