ஆறாப்புண்

'ஆறாத புண்' என்பதில் 'த' கெட்டு, வல்லினம் மிகுந்து 'ஆறாப்புண்' ஆயிற்று. இலக்கணம் இதை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்னும்.

'ஆறு' என்ற வினைக்கு முதற்பொருள் சூடு தணிதல். கஞ்சி ஆறும், கோபம் ஆறும், மனம் ஆறினால் ஆறுதல். புண் குணமாவதையும் அப்படியே சொல்கிறோம். 'புண்' பழைய திராவிடச் சொல்: மலையாளத்தில் புண்ணு, தெலுங்கில் புண்டு, கன்னடத்தில் ஹுண்ணு. 'ரணம்' வடமொழி 'விரண'த்திலிருந்து வந்தது.

மலேசியாவின் கெடா மாநிலத்துச் செர்டாங் வட்டாரத் தோட்டங்களில் காலில் புண் ஆறவில்லை என்றால் 'இனிப்பு நீரா?' (நீரிழிவா?) என்றுதான் முதலில் கேட்பார்கள். மலாயில் 'டாரா திங்கி' எனப்படும் இரத்தக் கொதிப்பும் காரணமாகலாம் என்பது பலருக்குத் தோன்றாது. 1945இல் பார்சலோனா மருத்துவர் மார்ட்டொரெல் கொதிப்பால் வரும் இந்தப் புண்ணை விவரித்ததால் இதற்கு அவர் பெயரே நிலைத்தது. பல்லாண்டுக் கொதிப்பில் தோலடிச் சிறு தமனிகள் தடித்துக் குறுகுகின்றன. இரத்தம் எட்டாத தோல் கறுத்துச் சாகிறது. பெரும்பாலும் கணுக்காலுக்கு மேலே, வெளிப்புறத்தில் வரும். புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி இதன் அடையாளம். பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாகவே இருக்கக்கூடும். கொதிப்பைக் கட்டுப்படுத்துவதும், தேவையானால் தோல் ஒட்டுவதும் சிகிச்சை.

சொல்லும் அதையே காட்டுகிறது: முதலில் கொதிப்பு ஆற வேண்டும். காலில் புண் வாரக்கணக்கில் ஆறாவிட்டால், இனிப்பு நீரோடு இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.