நவாபின் கடன் பத்திரங்கள்

தமிழில் 'பத்திரம்' என்ற சொல்லுக்கு ஆவணம் என்றும் பொருள், பாதுகாப்பு என்றும் பொருள். 'பத்திரத்தைப் பத்திரமாக வை' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து அமர்ந்துகொள்ளும். வணிகவியல் படித்த நம் மாணவர்களுள் சிலர் இன்று முதலீட்டு வங்கிகளில் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் வேலைக்குப் போகிறார்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் கோடிகளைக் கையாளும் இப்பணி ஏதோ நியூயார்க்கில் அண்மையில் தோன்றியது என்றே பலரும் எண்ணுகின்றனர். அப்படியன்று. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சென்னைக் கோட்டையில் அதே வயதினர் அதே தொழிலைச் செய்திருக்கின்றனர். அவர்கள் கைமாற்றிய பத்திரங்களுக்கு ஈடாக இருந்தது காவிரிக்கரை நெல். அந்தக் கதை தொடங்கும் இடமோ நம் திருச்சிராப்பள்ளி.

1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட, அவர் மகன் முகமது அலி தப்பியோடித் திருச்சிக் கோட்டைக்குள் புகுந்தார். சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் அவரை முற்றுகையிட்டனர். முற்றுகையைத் திசைதிருப்ப இராபர்ட் கிளைவ் 1751-இல் ஆற்காட்டைப் பிடித்ததும், மறு ஆண்டு ஜூனில் ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை சரணடைந்ததும், சந்தா சாகிப் தஞ்சைத் தளபதியின் ஆட்களால் தலை வெட்டப்பட்டதும் பாடநூல்களில் உள்ளவை. ஆனால் பாடநூல்கள் சொல்லாமல் விடும் ஒரு செய்தி உண்டு. அந்தப் போர்ச் செலவு முழுவதையும் கும்பினி முகமது அலியின் கணக்கில் பற்று எழுதியது! அரியணை கிடைத்தது, கூடவே கடனும் கிடைத்தது.

கும்பினிக்குத் தரவேண்டிய பாக்கியைக் கும்பினி நெருக்கிக் கேட்கும். நவாபிடம் ரொக்கம் இராது. உடனே கும்பினியின் ஊழியர்களே தனிப்பட்ட முறையில் அவருக்குக் கடன் கொடுப்பர். அந்தப் பணத்தை அவர் கும்பினிக்குக் கட்டுவார். பகலில் கும்பினி எழுத்தராக இருந்து பாக்கியை வசூலிப்பவரே மாலையில் வட்டிக்காரராக இருந்து அதை அடைக்கப் பணம் தருவார். எழுத்தரின் ஆண்டுச் சம்பளம் ஐந்து பவுன் (கிளைவ் 1744-இல் பதினெட்டு வயதில் வந்திறங்கியபோது பெற்றதும் அதுவே). அந்தச் சம்பளத்தில் வட்டிக்குவிட முதல் ஏது என்று கேட்கலாம். சவுக்கார்களிடமும் துபாஷிகளிடமும் குறைந்த வட்டிக்கு வாங்கி நவாபிடம் கூடுதல் வட்டிக்குக் கொடுப்பதுதான் வழி. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே இலாபம். இன்றைய பத்திர வணிகரும் இதைத்தானே செய்கிறார்? வெள்ளைக்காரப் பெயரில் இருந்த கடன்களுள் எத்தனையோ உண்மையில் உள்ளூர்ப் பணம். வெள்ளையர் பெயர் இருந்தால் நவாபிடம் வசூலாகும் என்பதால் பெயர் மட்டும் இரவல்.

வட்டி தொடக்கத்தில் நூற்றுக்கு முப்பத்தாறு வரை சென்றது. பின்னர் 25, 20 என்று இறங்கி, 1767-இல் பழைய கடன்களையெல்லாம் ஒன்றாக்கியபோது 10 ஆனது. குறைந்துவிட்டது என்று மகிழ வேண்டா. கட்டப்படாத வட்டி அசலோடு சேர்ந்து புதிய பத்திரமாகிவிடும். பத்திரம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும். இலண்டனில் இயக்குநர்கள் இக்கடன்களை ஏற்பார்களா, மறுப்பார்களா என்பதைப் பொறுத்து மதிப்பு ஏறும், இறங்கும். கப்பல் செய்தி கொண்டுவர ஆறு மாதம் ஆகும் காலம் அது. அந்த ஆறு மாதமும் யூகத்துக்கான காலம்.

ஈடு என்ன என்பதுதான் நமக்கு முக்கியம். பத்திரத்தோடு 'தங்கா' எனப்பட்ட ஒரு சீட்டும் கொடுக்கப்பட்டது. இன்ன சீமையின் இத்தனை வராகன் வரியை இன்னார் வசூலித்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். அறுவடைக்கு முன்பே களத்து நெல் சென்னையில் ஒருவர் பெட்டிக்குள் போய்விடும். குத்தகைதாரரும் அமில்தாரும் அந்தத் தொகையைக் குடியானவனிடமிருந்து பிழிந்தெடுக்க வேண்டும். மேல்வாரம் எது, குடிவாரம் எது என்ற பழைய வழக்கெல்லாம் இந்த அவசரத்தின் முன் நிற்கவில்லை. திருச்சிச் சீமையின் வருவாய் என்று நவாபின் கணக்கில் எழுதப்பட்டதில், பச்சைமலை அடிவாரத்துத் துறையூர் ரெட்டியார்களின் பாளையம் கட்டிவந்த பேஷ்கஷும் அடக்கம். மழையை நம்பிய மானாவாரிக் காடும் அந்தப் பெருங்கணக்கின் ஒரு வரிதான்.

இத்தொழிலில் தலைசிறந்தவர் பால் பென்ஃபீல்டு. 1764-இல், இருபதுகளின் தொடக்கத்தில் சென்னை வந்தவர். கட்டடப் பணி அறிந்தவர், கோட்டை மதில் வேலையை ஒப்பந்தமெடுத்தவர். சேப்பாக்கத்தில் நவாப் கட்டிய அரண்மனையும் அவர் கைவேலை என்றே கூறுவர். 2012 ஜனவரியில் தீப்பிடித்த கலச மகால் அந்த அரண்மனையின் ஒரு பகுதியே. கடன் கொடுத்தவரே கடனாளிக்கு மாளிகையும் கட்டித் தந்தார் என்றால் அதில் வியப்பில்லை. அவர் சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுனே. ஆனால் சென்னையின் சிறந்த குதிரைகளும் வண்டிகளும் அவரிடம் இருந்தன.

1773 செப்டம்பரில் கும்பினிப் படை தஞ்சையைப் பிடித்து நவாபிடம் ஒப்படைத்தது. காவிரிப் படுகையின் நெல் முழுவதும் ஈடாகக் கிடைத்துவிட்டதால் பத்திரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். இலண்டன் இயக்குநர்களுக்கு இது பிடிக்கவில்லை. அரசர் துளஜாஜிக்கே தஞ்சையைத் திருப்பித்தர ஆணையிட்டு, முன்பே ஆளுநராக இருந்து ஓய்வுபெற்ற பிகட் பிரபுவை மறுபடியும் அனுப்பினர். 1776 ஏப்ரலில் பிகட் தாமே தஞ்சை சென்று துளஜாஜியை அரியணையில் அமர்த்தினார்.

அப்போது பென்ஃபீல்டு ஒரு மனுவோடு வந்தார். தஞ்சை வருவாயின்மேல் நவாப் தந்த தங்காக்களின்படி தமக்கு 1,62,000 பவுனும், தஞ்சைக் குடிகளுக்கு நிற்கும் பயிரின்மேல் கொடுத்த கடனுக்காக 72,000 பவுனும் வரவேண்டும் என்றார். ஆதாரம் கேட்டபோது, நவாபே ஒப்புக்கொள்வாரே, வேறு சான்று எதற்கு என்ற பாங்கில் பதில் வந்தது. மேலவை முதலில் மறுத்தது. பின்னர் பெரும்பான்மை மனம் மாறியது. மாறிய காரணத்தை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. பென்ஃபீல்டின் பத்திரங்களுக்குப் பின்னால் வேறு பலருடைய பணம் இருந்தது.

பிகட் பணியவில்லை. எதிர்த்தவர்களை மேலவையிலிருந்து இடைநீக்கம் செய்தார். 1776 ஆகஸ்டு 24 அன்று கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அவரோடு ஒன்றாக உண்டு, மாலையில் அவருடைய வண்டியிலேயே ஏறிச் சென்று, வழியில் ஆட்களை மறிக்கவைத்து ஆளுநரைக் கைதுசெய்தார்! பரங்கிமலைக்குக் கொண்டு செல்லப்பட்ட பிகட், விடுதலையின்றி 1777 மே 11 அன்று காவலிலேயே இறந்தார். சதி செய்தவர்களுள் ஸ்டிராட்டன் உள்ளிட்ட நால்வருக்குப் பின்னர் இலண்டனில் கிடைத்த தண்டனை, ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம். அவர்களுடைய வரவை நோக்க அது சுங்கக் காசு போன்றது.

நவாபை வெறும் ஏமாளியாகக் காட்டும் வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாலாஜா கணக்குத் தெரிந்தவர். மேலவையில் இருப்போர் தமக்குக் கடன் கொடுத்தவராக இருந்தால், கடன் வசூலாவதற்காகவேனும் தஞ்சை தம்மிடம் இருக்க வேண்டும் என்று அவர்கள் வாக்களிப்பர் என்பதை அவர் அறிவார். அவர் கைச்சாத்திட்ட பத்திரம் ஒவ்வொன்றும் கோட்டைக்குள் ஓர் ஆதரவாளரை வாங்கியது. நாற்பத்தைந்து ஆண்டுகள் அவரை ஆட்சிப் பெயரோடு வைத்திருந்தது படையன்று, கடன். அந்த ஆட்டத்தில் பணயம் வைக்கப்பட்ட குடியானவனை இரு தரப்பும் கேட்கவில்லை என்பது வேறு.

இலக்கிய வாசகர்களுக்கு ஒரு சுவையான செய்தி. இலண்டனில் நவாபின் முகவராக இருந்து அவர் தரப்பை எழுதியும் பேசியும் வந்தவர் ஜேம்ஸ் மக்ஃபர்சன். ஒஸ்ஸியன் என்ற பழங்கவிஞரின் பாடல்கள் என்று தாமே பெரும்பகுதி புனைந்தவற்றை வெளியிட்டு ஐரோப்பாவையே மயக்கிய அதே மனிதர்! பழஞ்சுவடி தயாரித்தவருக்குக் கடன் பத்திரத்துக்கு வாதாடுவது கடினமாக இருந்திராது.

1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்டு பர்க் நாடாளுமன்றத்தில் இக்கடன்களைப் பற்றி நிகழ்த்திய உரை ஆங்கில உரைநடையின் சிகரங்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. விசாரணையின்றியே இக்கடன்களை ஏற்று, ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், கர்நாடக வருவாயிலிருந்து ஒதுக்க பிட் அரசு முடிவு செய்ததே அவர் சினத்துக்குக் காரணம். முந்தைய நாடாளுமன்றத்தில் பென்ஃபீல்டின் ஆட்கள் எட்டுப் பேர் அமர்ந்திருந்ததாகவும் அவர் சாடினார். உரையைப் படிக்கையில் மெய்சிலிர்க்கும். கூடவே ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பர்க்கின் நெருங்கிய உறவினராகப் பழகிய வில்லியம் பர்க், தஞ்சை அரசரின் முகவராக ஊதியம் பெற்றவர். இரு தரப்புக்கும் இலண்டனில் ஆள் இருந்தது. பர்க் சொன்னது பொய்யாகிவிடாது. ஆனால் காவிரிக் குடியானவனுக்காக மட்டுமே அந்தக் கண்ணீர் என்று கொள்வதற்கில்லை. தீர்மானம் தோற்றது.

வாலாஜா 1795-இல் மறைந்தார். 1801-இல் கர்நாடகம் முழுவதும் கும்பினி ஆட்சிக்குள் வந்தது. பழைய கடன்களைத் தீர்க்க 1805-இல் ஆணையம் ஒன்று ஏற்பட்டது. பத்திரங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. கோரப்பட்ட மொத்தத் தொகை மூன்று கோடிப் பவுனுக்கும் மேல். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் சலித்துப் பார்த்தபின் ஆணையம் செல்லும் என்று ஏற்றது சுமார் 27 லட்சம் பவுன். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. போலிப் பத்திரம் எழுதியவர்கள் மேலிருந்த வழக்குகள் சென்னை உச்சநீதிமன்றம் வரை சென்றன. ஏற்கப்பட்ட தொகையும் கர்நாடகத்தின் வருவாயிலிருந்தே, அதாவது அதே வயல்களிலிருந்தே கொடுக்கப்பட்டது.

பென்ஃபீல்டு இங்கிலாந்து திரும்பி, இலண்டனில் ஒரு நிதி நிறுவனத்தில் பங்காளியானார். அந்த நூற்றாண்டின் முடிவில் அது நொடித்தது. 1810-இல் பாரிசில் வறுமையில் இறந்தார்.

வாலாஜாவின் உடல் பின்னர் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்யப்பட்டது. சந்தா சாகிபும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்.